சீட்டுப் பணம் 1,20,000: சோலாரா, ஸ்கூட்டரா, ஃபேனா?

தை மாதம் சீட்டு எடுத்தோம். தள்ளுபடி போக கைக்கு வந்தது 1,20,000 ரூபாய். பணம் வந்த அன்று இரவே வீட்டில் நான்கு கட்சி ஆகிவிட்டது. கல்லூரி முடிக்கப்போகும் மகனுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மனைவிக்கு மொட்டை மாடியில் சோலார். எனக்குப் படுக்கையறையில் தொங்கும் பழைய ஏசியைக் கழற்றி எறிய வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. அம்மா மட்டும், "எனக்கு ஒண்ணும் வேணாம்டா, அந்த ஃபேன் கடகடன்னு அடிக்குது, அதை மட்டும் பாரு" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

திருவொற்றியூர் தேரடிக்கு மேற்கே ஒரு சந்தில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. கீழே சித்தப்பா குடும்பம், மேலே நாங்கள், மாடி பொது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்பன் தடத்தை, அதாவது நம்மால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவை, குறைக்கும் யோசனைகளில் பாதி, தனி வீடும் தனி மாடியும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. வட சென்னையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்?

பணத்தை எதில் போட்டாலும் இரண்டு கணக்கு பார்ப்பது என்று முடிவு செய்தேன். கரண்ட் பில்லிலோ பெட்ரோலிலோ எவ்வளவு மிச்சம் என்பது ஒன்று. எவ்வளவு கரியமில வாயு குறையும் என்பது இன்னொன்று. இரண்டாவது கணக்கு எதற்கு என்று கேட்டால், எண்ணூர்ப் பக்கம் ஒரு நாள் போய்ப் பாருங்கள் என்பேன். 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அத்திப்பட்டு வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் சேர்ந்து இன்று 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கின்றன. அதில் 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. எல்லாமே நிலக்கரி. குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த கதையை எண்ணூர் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான். நமக்குப் புகைபோக்கியும் சேர்ந்து தெரியும்.

முதலில் வீட்டுக் கணக்கு

எதைக் குறைப்பது என்று தெரிய வேண்டுமானால் எது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பில்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைய இருந்தாலும் கட்டமைப்பு நாடு முழுக்கப் பின்னிக் கிடப்பதால் இந்தச் சராசரியை எடுத்துக்கொள்வதே நியாயம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 யூனிட். ஆக, 2,100 கிலோ.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. நான் தேனாம்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். போக வர 30 கிலோமீட்டர், வருடத்துக்கு 280 நாள். லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டரில் 187 லிட்டர், அதாவது 430 கிலோ.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோவுக்குச் சற்று மேல். வருடத்துக்கு எட்டு சிலிண்டர், சுமார் 340 கிலோ.

இந்தக் கணக்கில் எந்தப் பில்லிலும் வராத ஒன்று ஒளிந்திருந்தது. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ்

எங்கள் ஏசி 2015-இல் வாங்கியது. ஒன்றரை டன், உள்ளே ஆர்-22 என்ற பழைய வாயு. கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு இருந்தால் அவுட்டோர் யூனிட்டின் கதி என்ன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உப்புக் காற்றில் அலுமினியத் தகடு பவுடராக உதிரும், குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். "கூலிங் இல்லை" என்று கூப்பிட்டால் மெக்கானிக் வந்து, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று ஏற்றிவிட்டுப் போவார். அடுத்த சித்திரையில் அதே வசனம். நான்கு வருடத்தில் மூன்று முறை ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம், மூவாயிரம். ஓட்டை எங்கே என்று ஒரு முறைகூட யாரும் தேடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோனுக்குச் செய்யும் கேடு தனி. ஒவ்வொரு முறையும் முக்கால் கிலோ போனது என்று வைத்துக்கொண்டாலும், நான்கு வருடத்தில் நான்கு டன். நான் ஸ்கூட்டரில் ஒன்பது வருடம் தேனாம்பேட்டைக்குப் போய் வந்தால் வரும் புகைக்கு அது சமம்! ஸ்கூட்டரை நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு சுற்றிக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு அடி மாதிரிதான் இருந்தது.

எனவே ஏசி வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாகக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் இருப்பவர்களுக்கு, முதல் செலவு இங்கேதான். புது ஏசி வாங்கச் சொல்லவில்லை. அடுத்த முறை கேஸ் ஏற்றும் முன் நைட்ரஜன் அடித்துப் பிரஷர் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள். லீக்கை வெல்டு வைத்து அடைத்த பிறகே கேஸ். காப்பர் காயிலாக இருந்தால் அடைக்கலாம். காயில் முழுதாக அரித்துப்போயிருந்தால்தான் மாற்றும் பேச்சு.

மாற்றுவதென்றால் உள்ளே என்ன வாயு என்று கேட்டு வாங்க வேண்டும். ஆர்-410ஏ ஒரு கிலோ, 2,000 கிலோவுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது பழசைவிட மோசம். இப்போது கடைகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 சுமார் 675. ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் கேஸுக்கு உறவுக்காரன். அதன் எண் மூன்று, நான்கைத் தாண்டாது. ஆனால் அந்த மாடல்கள் சிலவே கிடைக்கின்றன. ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி, 1,600 மணி நேரத்துக்கு 750 முதல் 800 யூனிட் என்று லேபிளில் போட்டிருக்கும். எங்கள் பழசு அதே நேரத்துக்கு 1,200-ஐத் தொடும். 400 யூனிட் மிச்சம், 280 கிலோ. விலை 40,000 ரூபாய்க்குக் குறையாது. பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்றரை டன் எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு டன் போதும், அதோடு 26, 27-இல் வைத்து ஃபேனையும் போட்டால் நன்றாகவே தூக்கம் வருகிறது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மின்சிக்கனத் துறையினர் சொல்லும் கணக்கு.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்

மகனோடு பேச்சு இப்படிப் போனது.

"அப்பா, புகையே வராதுப்பா."

"நம்ம தெருவுல வராதுடா. அத்திப்பட்டுல வரும்."

"அது எப்படியும் வருதுல்ல?"

அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தோற்கவில்லை. சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு 3.5 யூனிட். என் வருடாந்திர 8,400 கிலோமீட்டருக்குச் சுமார் 294 யூனிட், 200 கிலோ கரியமில வாயு. பெட்ரோலில் 430. பாதிக்குப் பாதி மிச்சம். பகலில் சார்ஜ் போட்டால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடும், ராத்திரி போட்டால் நிலக்கரியின் பங்கு கூடும். நாமெல்லாம் ராத்திரிதான் போடுவோம்.

சிக்கல் விலையில். மூன்று யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி உள்ள வண்டி ரோட்டுக்கு வரும்போது ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. சீட்டுப் பணம் முழுதும் போய், வருடம் 230 கிலோ குறையும். அதே பணத்தில் வேறு என்னென்ன செய்யலாம் என்று பார்க்கும்போதுதான் இது பின்னுக்குப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் வண்டியை விற்றாலும் அதை வேறொருவர் ஓட்டுவார், அது தனிக் கதை. என் முடிவு: இருக்கும் வண்டி செத்த அன்று அடுத்தது எலெக்ட்ரிக். அதுவரை வேண்டாம். மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அதைவிட எளிய வழி வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். தேரடியில் ஏறினால் தேனாம்பேட்டையில் இறங்கலாம், மாறவே வேண்டாம். இந்தத் தூரத்துக்கு 40 ரூபாய், கார்டிலோ க்யூஆர் டிக்கெட்டிலோ 20 சதவீதம் கழிவு போக 32. போக வர 64 ரூபாய். ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்குப் பெட்ரோல் 67 ரூபாய் ஆகிறது. காசில் பெரிய வித்தியாசம் இல்லை. கரியமில வாயுவில்? மெட்ரோவும் நிலக்கரி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பெட்டி காலியாக ஓடினால் ஆளுக்கு விழும் பங்கு ஒன்றும் குறைவாக இருக்காது. ஆனால் நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ரயில் ஓடத்தான் போகிறது. நான் ஏறுவதால் கூடுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஸ்கூட்டரை எடுக்காததால் குறைவது 430 கிலோ. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் காலையில் தொங்கும் கூட்டத்துக்கு மின்சாரத்தைப் பங்கு போட்டால் ஆளுக்குச் சொட்டுதான் வரும்.

உண்மையைச் சொன்னால், நான் மெட்ரோவுக்கு மாறியது பூமிக்காக அல்ல. எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போய் வருவதில் உயிர் பயம். அதற்காக மாறினேன், கார்பன் தானாகக் குறைந்தது. என் மனைவிக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே கிடையாது. அவர் இரண்டு வருடமாக ஷேர் ஆட்டோ ஏறவில்லை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். அதிலும் ஏறிப் பார்த்தோம். தாழ்தளம் என்பதால் அம்மா முதல்முறையாக யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.

மெட்ரோ எல்லோருக்கும் வராது என்பதும் தெரியும். கொடுங்கையூரிலோ மாதவரத்திலோ இருந்தால் ரயில் நிலையத்துக்குப் போவதற்கே ஒரு பயணம். மாதவரத்திலிருந்து கிளம்பும் இரண்டாம் கட்டப் பாதைகள் திறக்கட்டும், பார்க்கலாம்.

இண்டக்ஷன் அடுப்பு, மற்ற சில்லறை

மனைவியின் இரண்டாவது யோசனை இண்டக்ஷன். "கேஸே வேணாங்க, எல்லாம் கரண்ட்ல போயிடலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு தலைகீழாக வந்தது. ஒரு சிலிண்டரில் செய்யும் சமையலை இண்டக்ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் வேண்டும். இன்றைய மின்சாரத்தில் அது 90 கிலோ. சிலிண்டரை எரித்தால் 42. எட்டு சிலிண்டருக்கு 340 கிலோ என்பது 700-ஐத் தாண்டிவிடும். நாளை நிலக்கரி குறைந்தால் இந்தக் கணக்கு மாறும். மாடியில் சோலார் இருந்தாலும் மாறும். இன்றைக்கு, சோலார் இல்லாத வீட்டில், குக்கரும் ஊறவைத்த பருப்பும்தான் சிறந்த மாற்று. இண்டக்ஷனுக்குத் தட்டையான அடி உள்ள பாத்திரங்கள் வேறு வாங்க வேண்டும். அம்மாவின் ஈயச் சொம்பில் ரசம் என்ன ஆவது?

குப்பை விஷயத்துக்குப் பணமே தேவையில்லை. சென்னையில் தினம் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. வடக்கே சேரும் குப்பை எல்லாம் கொடுங்கையூர்க் கிடங்குக்குத்தான் காலங்காலமாகப் போனது. 300 ஏக்கருக்கு மேல் குப்பை மலை. உள்ளே காற்றில்லாமல் அழுகும் காய்கறித் தோலும் சோறும் மீத்தேனாக வெளியே வரும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று அந்தப் பகுதி மக்கள் போராடியதும் தெரிந்ததே. நாங்கள் மாடியில் இரண்டு மண் தொட்டி வைத்திருக்கிறோம். காய்கறிக் கழிவு, காய்ந்த வேப்பிலை, கொஞ்சம் தென்னை நார்த் தூள். ஒன்றரை மாதத்தில் உரம். மீன் கழிவை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். காசிமேட்டு நெத்திலித் தலையைப் போட்ட அன்று தெருப் பூனைகள் அத்தனையும் எங்கள் மாடியில்தான் இருந்தன. மீன் கழிவைத் தனிப் பையில் கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிடுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றி நான் யாருக்கும் உபதேசம் செய்யப்போவதில்லை. உலகக் கணக்கில் மாட்டுக்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் தடம் அதிகம், கோழிக்கும் சின்ன மீன்களுக்கும் குறைவு. ஆனால் நம் தெருக்களில் அரை கிலோ கறியை ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். சமைத்ததைக் கொட்டாமல் இருந்தால் அதுவே பெரிது.

தண்ணீர் பற்றி ஒரு வரி. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்றிலிருந்து நான்கு யூனிட் பிடிக்கும். குழாயில் வரும் தண்ணீரிலும் நிலக்கரி கரைந்திருக்கிறது என்பது தெரிந்த பிறகு, மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சோலார்: சுலபமான பதில், கடினமான மாடி

கரியமில வாயு மட்டும்தான் கணக்கு என்றால் கட்டுரையை இங்கேயே முடிக்கலாம். சோலார்தான். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் கொடுக்கும். இரண்டு கிலோவாட் வைத்தால் 2,800, கிட்டத்தட்ட இரண்டு டன். பேனலைச் செய்ய ஆன கரியமில வாயு இரண்டு வருடத்துக்குள் ஈடாகிவிடும், பேனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும். மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். எங்களுக்கு இரண்டு கிலோவாட்டுக்கு 1,35,000 என்று விலை சொன்னார்கள். மானியம் போக 75,000. ஆனால் மானியம் வேலை முடிந்து இணைப்பு கொடுத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழுத் தொகையையும் நாம்தான் புரட்ட வேண்டும். சீட்டுப் பணத்தில் 15,000 இடிக்கிறது.

பார்க்க வந்த விற்பனையாளர் மூன்று கிலோவாட் எழுதிவைத்தார். நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் நம் கரண்ட் பில் கட்டும் முறை. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வருடத்துக்கு 600 யூனிட். இலவசமாக வருவதற்குப் பதிலாகப் பேனல் வைத்தால் பூமிக்கு லாபம்தான், நம் பர்ஸுக்கு லாபமில்லை. எனவே 3,000-இல் 600 போக, காசு கட்டும் 2,400 யூனிட்டைத்தான் சோலாரால் மிச்சப்படுத்த முடியும். அதிலும் வேறு வழியில் குறைக்கக்கூடியதைக் குறைத்துவிட்டால், இரண்டு கிலோவாட்டே தாராளம். சோலார் வைக்கும் முன் பில்லைக் குறைப்பது என்று சொல்வது இதனால்தான்.

கடலோரத்துக்கென்று சில விஷயங்கள். தாங்கும் சட்டம், உருகிய துத்தநாகத்தில் முக்கி முலாம் பூசிய ஜிஐ இரும்பாக இருக்க வேண்டும், நட்டு போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்புக்குப் பெயிண்ட் அடித்து ஏமாற்றினால் மூன்று மழையில் துரு. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது எங்கள் தெருவில் பறந்த தகரங்களைப் பார்த்தவர்கள், சட்டத்தை மாடித் தளத்தோடு எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். இங்கே தூசியும் சாம்பலும் அதிகம், வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் உற்பத்தி இறங்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மாதிரி இரண்டு மூன்று நாள் இருட்டில் கிடந்தால், மாடியில் சோலார் இருந்தும் மெழுகுவர்த்திதான்.

இதெல்லாம் பணத்தாலும் கவனத்தாலும் தீரும். மாடி தீராது. இரண்டு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 200 சதுர அடி வேண்டும். எங்கள் மாடி 600 சதுர அடி, ஆனால் தெற்கே பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது மாடி எழுப்பிவிட்டார். நிழலும் தண்ணீர்த் தொட்டியும் போக மிஞ்சும் இடத்தில் சித்தி கருவாடும் வடகமும் காயவைக்கிறார். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில், அவர் இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பெயர் மாற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. வாரியக் குடியிருப்பில் நாற்பது குடும்பத்துக்கு ஒரு மாடி. அதில் யார் பேனல், யார் பங்கு?

கடைசியில் ஃபேன்

இந்த இடத்தில்தான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். உள்ளே மோட்டார் வேறு வகை, காற்றில் குறையில்லை. எங்கள் வீட்டில் நான்கு ஃபேன். அம்மா அறையில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடும், கூடத்தில் பன்னிரண்டு, மற்ற இரண்டும் ஒன்பது மணி நேரம். வேகத்தைக் குறைத்து வைக்கும் நேரத்தையெல்லாம் தாராளமாகக் கழித்துவிட்டாலும் வருடத்துக்கு 600 யூனிட் மிச்சம். 420 கிலோ கரியமில வாயு! என் ஸ்கூட்டர் வருடம் முழுக்கக் குடிக்கும் பெட்ரோலும் இந்த நான்கு ஃபேனும் ஏறக்குறைய ஒன்று. ஃபேன் ஒன்று 3,000 ரூபாய், நான்குக்கு 12,000. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் விலையில் எட்டில் ஒரு பங்குக்கு அதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு பலன். வாடகை வீட்டிலும் மாட்டலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சித்தப்பா கையெழுத்து வேண்டாம்.

பில்லில் இதன் பலன் யூனிட்டை விடப் பெரிது. கோடையில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடுகிறது. 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும், 2024 ஜூலை விலைப்பட்டியலில், 8 ரூபாய்க்கு மேல். நான்கு ஃபேன் இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைப் பிடித்துக்கொடுக்கும். மிச்சமிருக்கும் 20-ஐ மாடியில் சுண்ணாம்படித்துப் பிடிக்கலாம் என்று பார்த்தோம். சுண்ணாம்பு, வெள்ளை சிமெண்ட், கொஞ்சம் ஃபெவிகால், இரண்டு ஆள், 4,000 ரூபாய். தட்டோட்டின் சிவப்பு மறைந்து மாடி முழுக்க வெள்ளை. மத்தியானம் மேல்மாடி அறையில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல உடம்புக்குத் தெரிகிறது. ஏசியை இரவு பத்து மணிக்குப் பதில் பதினொன்றரைக்குத்தான் போடுகிறோம். இரண்டு மழைக்காலம் போனால் திரும்ப அடிக்க வேண்டும்.

ஃபேன் போட்ட காசு மூன்று வருடத்துக்குள் பில்லிலேயே திரும்பிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கழற்றிய பழைய ஃபேனை யாருக்காவது தானமாகக் கொடுத்தால், அது அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் நான்கையும் காயலான் கடையில் போட்டேன், செம்புக் கம்பிக்காக நல்ல விலையே கொடுத்தார்.

இப்போதைய நிலை இது. ஃபேன் நான்கும் மாட்டியாயிற்று. சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஏசிக்கு இந்த வருடம் பிரஷர் டெஸ்ட் பார்த்து, அவுட்டோர் யூனிட்டில் இரண்டு இடத்தில் வெல்டு வைத்திருக்கிறோம். ஆடிவரை தாங்கினால் புது ஏசி அடுத்த சீட்டில். மிச்சம் ஒரு லட்சம் வங்கியில் சோலாருக்காகக் காத்திருக்கிறது, பெயர் மாற்ற விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது. சித்தப்பாவுக்கு ஆட்சேபனை இல்லை. சித்திதான், "தட்டெல்லாம் நீ வெச்சிட்டா என் கருவாடு எங்கப்பா காயறது?" என்கிறார். பேனலுக்குக் கீழே ஆறடி உயரம் விட்டுச் சட்டம் போட்டால் எவ்வளவு கூடுதலாகும் என்று விலை கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் ஃபேனில் சத்தம் இல்லை. ஆனால் ரெகுலேட்டர் போய் ரிமோட் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குரல்: "டேய், அந்தக் குச்சி எங்கடா? குளிருது."